தீவுக்குப் போகும் படப்பெட்டி

ஆளில்லாத் தீவொன்றில் நெடுங்காலம் தனித்திருக்க நேர்ந்தால் எந்தப் பத்துத் திரைப்படங்களைக் கையோடு கொண்டுபோவது என்னும் கேள்வி, திரைப்பட ரசிகர்களிடையே காலங்காலமாக விளையாட்டாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதற்குச் சொல்லப்படும் விடைகளோ பெரும்பாலும் வேறொரு கேள்விக்கு உரியவையாகவே அமைந்துவிடுகின்றன. உலகின் தலைசிறந்த படங்கள் எவை என்று கேட்டால் என்ன பட்டியல் வருமோ அதையே பலரும் தீவுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். மதிப்புக்குரிய படம் வேறு, கூடவே வைத்துக்கொண்டு வாழத்தக்க படம் வேறு என்பதை, மதிப்புக்குரிய பெரியவர் ஒருவரோடு ஒரே அறையில் ஒரு மாதம் தங்க நேர்ந்தவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

தீவின் பெயரிலேயே சிறு குழப்பம் ஒன்று உண்டு. 'டெசர்ட் ஐலண்ட்' என்னும் ஆங்கிலத் தொடரில் பாலைவனத்தைக் குறிக்கும் சொல் இருப்பதால் இதைப் 'பாலைவனத் தீவு' என்று பெயர்த்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே கைவிடப்பட்டது, ஆளற்றது என்பதே பழைய பொருள். தென்னை உண்டு, நன்னீர் உண்டு, மீனும் உண்டு. பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் மட்டும் கிடையாது. இந்த ஒரு குறையே படத் தேர்வின் முழுக் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

இக்கேள்வியை உலகமெங்கும் பரப்பியது பிபிசி வானொலி. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 ஜனவரி 29 அன்று, ராய் பிளம்லி என்பவர் தாமே திட்டமிட்டு நடத்தத் தொடங்கிய 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சியில், அழைக்கப்பட்ட பிரமுகர் தாம் தீவில் ஒதுங்கியதாகக் கற்பனை செய்துகொண்டு உடன் வைத்திருக்க விரும்பும் எட்டு இசைத்தட்டுகளைச் சொல்ல வேண்டும். முதல் விருந்தினர் நகைச்சுவைக் கலைஞரும் இசைக்கலைஞருமான விக் ஆலிவர். பின்னாளில் ஒரு நூலும், எந்த நடைமுறைப் பயனும் இல்லாத ஒரு சுகப்பொருளும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவில் முன்பே இருப்பதாகக் கொள்வது வழக்கம். 1959இல் கலந்துகொண்ட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், ரயிலே ஓடாத அத்தீவுக்கு ஐரோப்பிய ரயில்களின் கால அட்டவணையைச் சுகப்பொருளாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த விளையாட்டின் உட்பொருளை அவரளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. தனித்திருப்பவனுக்கு வேண்டியது உயர்ந்த கலைப்படைப்புதான் என்றில்லை. மனம் திரும்பத் திரும்பப் போய் உலாவி வர ஓர் இடம் இருந்தால் போதும் என்பதை அந்த அட்டவணை சொல்லிவிடுகிறது.

கற்பனைத் தீவுக்கு முன்பே உண்மைத் தீவொன்று இருந்தது. ஸ்காட்லாந்து மாலுமி அலெக்சாண்டர் செல்கர்க், கப்பல் தலைவருடன் ஏற்பட்ட சச்சரவால் 1704இல் சிலி நாட்டுக்கு மேற்கேயுள்ள ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளுள் ஒன்றில் இறக்கிவிடப்பட்டு, நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் தனியே வாழ்ந்து, 1709இல் மீட்கப்பட்டார். 1719இல் டேனியல் டிஃபோ எழுதிய 'ராபின்சன் குரூசோ' நாவலுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு தூண்டுகோல் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மீட்கப்பட்டபோது அவர் உடல் திடமாக இருந்தது. பேச்சுத்தான் பழக்கம் விட்டுப்போய்ப் பாதிப் பாதிச் சொற்களாக வந்தது. பசியையும் குளிரையும் வென்றவர் கேட்க ஆளின்றிச் சொற்களை இழக்கத் தொடங்கியிருந்தார் என்னும் செய்தியைத் தீவுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர் எவரும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'காஸ்ட் அவே' படத்தில் டாம் ஹாங்க்ஸ் ஏற்ற பாத்திரம், ஒரு கைப்பந்துக்கு முகம் வரைந்து வில்சன் என்று பெயரிட்டு அதனோடு வாதாடுவதும் இதே காரணத்தால்தான்.

செல்கர்க்கின் காலக் கணக்கை வைத்தே படங்களை அளந்து பார்க்கலாம். இரவுக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால் பத்தாம் இரவோடு பெட்டி தீர்ந்து, பதினோராம் இரவில் முதற்படம் மறுபடி ஓடத் தொடங்கும். ஓராண்டில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 36 முறை. அவர் இருந்த காலம் முழுவதும் இருந்தால் ஏறத்தாழ 158 முறை. முதல்முறை தரும் வியப்பு, திருப்பம், அதிர்ச்சி ஆகியவை இக்கணக்கில் 158இல் ஒரு பங்குதான். மீதமுள்ள 157 முறைக்கும் அந்தப் படத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்பதே தீவுக்குரிய கேள்வி.

சிறந்த படங்களின் பட்டியல்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை; அவை நிலையானவையும் அல்ல. பிரிட்டனின் 'சைட் அண்டு சவுண்டு' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஆளுக்குப் பத்துப் படங்கள் கேட்டுத் தொகுத்துவரும் பட்டியலில், முதல்முறை தலைமையிடம் பெற்றது விட்டோரியோ டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்'. அப்போது அந்தப் படத்துக்கு வயது நான்குதான். அந்த ஆண்டில் முதல் பத்துக்குள்ளேயே வராத ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்', 1962இல் முதலிடத்துக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் அங்கேயே அமர்ந்திருந்தது. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' அதை இறக்கியது. 2022இல் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தபோது, பெல்ஜிய இயக்குநர் சாந்தால் ஆக்கர்மன் 1975இல் எடுத்த 'ஜான் டீல்மன்' முதலிடம் பெற்றது. கணவரை இழந்த ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் காப்பி போடுவதையும் 201 நிமிடங்களில் மூன்று நாள் வாழ்க்கையாகக் காட்டும் இப்படம், திரைக்கலை வரலாற்றில் தனக்குரிய இடத்தை ஐயமறப் பெற்றுவிட்டது. என்றாலும், தானே கிழங்கு சுட்டு, தானே தின்று, தானே சட்டி கழுவும் தீவுவாசி, இரவில் திரையிலும் அதையே பார்க்க விரும்புவானா என்பது வேறு வழக்கு.

துயரப் படங்களின் சிக்கல் இதைவிடக் கூடுதலானது. மகேந்திரன் இயக்கத்தில் 1979இல் வெளிவந்த 'உதிரிப்பூக்கள்' தமிழின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்று என்பதில் கருத்து வேறுபாடு அரிது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, தன் குடும்பத்தையே வதைக்கும் ஒருவனை ஊரே ஆற்றங்கரை வரை கொண்டு நிறுத்தும் அந்தப் படத்தின் முடிவு, ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஆயுள் முழுவதும் போதும். அந்த 'போதும்' என்னும் சொல்லில் குறை எதுவும் இல்லை; படம் தன் வேலையை ஒரே தடவையில் முடித்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் பத்து நாளுக்கு ஒருமுறை அந்த ஆற்றங்கரைக்குப் போய் நிற்பது தனித்திருப்பவனுக்கு ஆகாது. பட்டியலில் முதலிடமும் பெட்டியில் இடமின்மையும் ஒரே படத்துக்கு ஒரே நேரத்தில் வாய்க்கலாம்.

பலமுறை பார்ப்பது சலிப்பைத்தான் தரும் என்பதும் முழு உண்மையன்று. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் விளங்காத எழுத்துருக்களையும் முகங்களையும் அடிக்கடி காட்டியபோது, அடிக்கடி கண்டவற்றின்மீதே பார்வையாளர்களுக்கு விருப்பம் கூடியதைக் காட்டினார். வெறும் பழக்கமே விருப்பத்தை வளர்க்கும் என்னும் இந்த இயல்பு தமிழ்நாட்டில் புதுச்செய்தி அல்ல. தேநீர்க்கடை வானொலியில் நாற்பது முறை கேட்டபின் பிடித்துப்போன பாட்டு ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது இருக்கும். எளிய உருவங்கள் விரைவில் சலிக்கின்றன, சிக்கலான உருவங்கள் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகின்றன என்று டேனியல் பெர்லைன் என்னும் உளவியலாளர் அதைத் தொடர்ந்து விளக்கினார். ஒரே நூலாக நேரே ஓடும் கதையைவிட, ஓரங்களில் பலர் பல வேலை பார்த்துக்கொண்டிருக்கும் கதையே நெடுநாள் தாங்கும் என்பது இதிலிருந்து கிடைக்கும் ஊகம்.

மர்மப் படங்கள் உடனே கழிந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954), பாடல்களே இல்லாமல், இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் நடக்கும் ஒரு கொலையைப் பலருடைய வாக்குமூலங்களாகச் சொல்லிச் செல்கிறது; கொன்றவர் யார் என்று தெரிந்தபின் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஹிட்ச்காக் இதற்கு விடை வைத்திருந்தார். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் 1962இல் நடந்த நீண்ட உரையாடலில், மேசைக்கடியில் வைத்த குண்டு திடீரென வெடித்தால் பார்வையாளர் சில நொடிகளே திடுக்கிடுவார் என்றும், குண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் அந்தச் சாதாரணப் பேச்சு முழுவதையும் நெஞ்சு படபடக்கக் கேட்பார் என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது அதிர்ச்சி, பின்னது பதைப்பு. அதிர்ச்சிக்கு அறியாமை வேண்டும், பதைப்புக்கு அறிவு வேண்டும். ஆகவே 'அந்த நாள்' இரண்டாம் முறையில்தான் இன்னொரு படமாக மாறுகிறது. உண்மை தெரிந்த கண்ணோடு அந்த வீட்டின் பேச்சுகளைக் கேட்கும்போது, முதல்முறை காதில் விழாமல் போன தயக்கங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குகின்றன.

உலகிலிருந்து உண்மையிலேயே துண்டிக்கப்படுபவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதற்கும் சான்றுகள் உண்டு. பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து புறப்படும் ரஷ்ய விண்வெளி வீரர்கள், பயணத்துக்கு முன்பு விளாதிமிர் மோட்டில் இயக்கிய 'ஒயிட் சன் ஆஃப் தி டெசர்ட்' (1970) என்னும் படத்தைப் பார்ப்பது பல பத்தாண்டுகளாகச் சடங்காகவே நிலைத்துவிட்டது. காஸ்பியன் கடலோர மணற்பரப்பில், மனைவியிருக்கும் ஊரை நோக்கி நடந்துகொண்டேயிருக்கும் சுகோவ் என்னும் செம்படை வீரனின் கதை அது. சண்டையும் நகைச்சுவையும் கலந்த, எந்த உலகப் பட்டியலின் உச்சியிலும் காணப்படாத படம். வீடு திரும்ப விரும்பும் ஒருவனின் கதையை, வீட்டைவிட்டு வெகுதூரம் போகவிருப்பவர்கள் வரிக்கு வரி அறிந்த நிலையிலும் மறுபடி பார்க்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, தென்துருவத்திலுள்ள அமுண்ட்சென்–ஸ்காட் ஆய்வு நிலையத்தில், குளிர்காலத்துக்கு முந்தைய கடைசி விமானம் புறப்பட்டுப்போய், அடுத்த விமானத்துக்கு எட்டு மாதங்களுக்கும் மேல் ஆகும் என்ற நிலையில், அங்கேயே தங்குபவர்கள் கூடி உட்கார்ந்து ஜான் கார்ப்பெண்டரின் 'தி திங்' (1982) படத்தைப் பார்ப்பது வழக்கம். பனியில் சிக்கிய ஆய்வு நிலையம் ஒன்றில் ஒருவர்பின் ஒருவராக மடியும் கதை அது! அச்சத்தைத் திரையில் ஏற்றிக் கூட்டமாகச் சிரித்துவிட்டால் அறைக்குள் வராது என்ற நம்பிக்கை போலும். ஆனால் அங்கே கூட்டம் இருக்கிறது. தீவில் ஒற்றை ஆள். பேய்ப்படங்களைக் கரையிலேயே விட்டுச் செல்வது உத்தமம்.

நகைச்சுவைப் படங்களுக்கும் இதே தனிமையால் சோதனை வரும். சிரிப்பு என்பது அரங்கில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றிக்கொள்வது. தனியே இருப்பவன் வாய்விட்டுச் சிரிப்பது குறைவு. வழுக்கி விழுவதையும் அடிவாங்குவதையும் நம்பியிருக்கும் காட்சிகள் ஐந்தாறு முறையில் வற்றிவிடும். சொல்லை நம்பிய நகைச்சுவை அப்படி அல்ல. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்துக்கு கிரேஸி மோகன் எழுதிய உரையாடல், ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த சிலேடையை நுழைத்துவிடுவதால், அரங்கில் பார்த்தவர்களுக்குப் பாதி வசனம் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. கல்யாண விருந்துச் சாம்பாரில் மீன் விழுந்த பிறகு சமையற்காரர் காமேஸ்வரன் படும் பாட்டைச் சத்தமின்றித் தனியே உட்கார்ந்து கேட்டால்தான், யார் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டார்கள் என்பது முழுதாக விளங்கும். இந்தப் படத்துக்குத் தீவு ஒருவகையில் அரங்கைவிட நல்ல இடம்.

கேட்டு ரசிக்கும் இந்தக் குணத்தில் தமிழ் ரசிகர்களுக்குத் தனிப் பயிற்சியே உண்டு. அகில இந்திய வானொலி 'ஒலிச்சித்திரம்' என்ற பெயரில் திரைப்படங்களின் ஒலியை மட்டும் சுருக்கி ஒலிபரப்பியது. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய சவுண்டு சர்வீஸ்காரர்கள், பாட்டுகள் தீர்ந்ததும் 'கதை வசனம்' போட்டார்கள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) ஆகியவற்றின் உரையாடல்கள், அப்படங்களைப் பார்த்தே இராதவர்களுக்கும் மனப்பாடமாக இருந்தன. 'விதி' (1984) படத்தின் நீதிமன்ற வாதங்களைத் தேநீர்க்கடைகள் ஒலிநாடாவில் நாள்தோறும் ஓடவிட்டன. திரையில் என்ன நடக்கிறது என்பதைக் காதாலேயே கட்டிக்கொண்ட இந்தப் பழக்கத்தைக் குறைபட்ட ரசனை என்று கருதிய விமர்சகர்கள் உண்டு. திரைப்படம் முதன்மையாகக் காட்சிக் கலை என்ற அளவில் அவர்கள் சொன்னது சரியே. ஆனால் செல்கர்க்கைப் போலச் சொற்களை இழந்துகொண்டிருக்கும் ஒருவனுக்கு, 'திருவிளையாடல்' படத்தின் தருமி தனியே நின்று புலம்பும் சில நிமிடங்கள் எந்த உலகப் படத்தின் காட்சியமைப்பையும்விட அதிகம் பயன்படும்.

ஓரங்களில் கூட்டம், காதுக்குப் பேச்சு, மறுபடி போக ஒரு பாட்டு என்னும் மூன்றும் ஒருசேர அமைந்த படம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' (1968) முன்னே வந்து நிற்கும். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை அது. நாதஸ்வரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜி கணேசனுக்காக உண்மையில் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்கள். ஒருமுறை நாதஸ்வரத்தைக் கேட்டும், மறுமுறை சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் அந்தக் காற்றுக்கு எப்படி ஈடுகொடுக்கின்றன என்று பார்த்தும், இன்னொருமுறை இரண்டையும் விட்டுவிட்டு டி. எஸ். பாலையாவின் தவிலை மட்டும் கவனித்தும் காலம் கழிக்கலாம். காயம்பட்ட சண்முகசுந்தரத்திடம் நேரில் நலம் விசாரிக்க வழியில்லாத மோகனா, சபையறிய ஆடும் நடனத்திலேயே அந்த விசாரிப்பை வைக்கும்போது, மோகனாவாக வரும் பத்மினியின் கண் எங்கே போகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கவே சில இரவுகள் ஆகும்.

அதே படத்தில் மனோரமா ஏற்ற ஜில்ஜில் ரமாமணி, சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டு உருகிய பின்பு, இந்த ஓசை இவருடைய நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்ற பொருளில் வெள்ளந்தியாக ஒரு கேள்வி கேட்கிறார். முதல்முறை பார்ப்பவருக்கு அது ஒன்றும் தெரியாத பெண்ணின் அறியாமை, சிரிப்பு வருகிறது. பலமுறை பார்த்தவருக்கோ, வித்வான்கள் சபையில் பொன்னாடை போர்த்திச் சொல்லும் எந்தப் புகழ்ச்சியையும்விடக் கனமான புகழ்ச்சியாக அது கேட்கும். சண்முகசுந்தரத்தின் முகத்தில் கர்வம் கரைந்து கூச்சம் தோன்றும் நொடியும் அப்போதுதான் கண்ணில் படும்.

பேச்சே அதிகமில்லாத படம் ஒன்றுக்கும் பெட்டியில் இடம் விடவேண்டும். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) அதற்கு உரியது. துர்காவும் அப்புவும் வெண்ணிற நாணற்பூக்களுக்கிடையே நடந்து, கம்பத்தில் காதை வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்டு, பிறகு தொலைவில் புகை கக்கிச் செல்லும் ரயிலைப் பார்க்க ஓடுகிறார்கள். 1952இல் இந்தக் காட்சியில் பாதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் ராய் குழுவினர் திரும்பிவந்தபோது, பூக்களை மாடுகள் மேய்ந்து தீர்த்திருந்தன; மறு ஆண்டு பூக்கும்வரை காத்திருந்துதான் மீதியை எடுத்தார்கள். காத்திருப்பதைத் தவிர வேறு வேலையற்ற ஒருவனுக்கு இந்தச் செய்தியும் படத்தோடு சேர்ந்தே பயன்படும். இதுவும் துயரப் படம்தானே, 'உதிரிப்பூக்க'ளுக்கு இல்லாத சலுகை இதற்கு எதற்கு என்று கேட்டால், இதில் சாவுக்குப் பக்கத்திலேயே மழையும் குளத்துப் பூச்சிகளும் மிட்டாய்க்காரனும் விலகாமல் இருக்கிறார்கள் என்பதே விடை.

இனி ஒரு நடைமுறைச் சங்கடம். பிளம்லியின் தீவுவாசிக்குச் சாவி கொடுத்தால் சுற்றும் கிராமபோன் போதுமாயிருந்தது. படம் பார்ப்பவனுக்கு மின்சாரம் வேண்டும். டூரிங் டாக்கீஸ் காலத்துப் படப்பெட்டியையே கொண்டுபோனாலும், நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் 1,000 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடமே வரும் என்பதால், இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கு 14 சுருள்கள் தேவை. பத்துப் படங்களுக்கு 140. இன்றைய கணினி வட்டில் நூறு படங்கள் அடங்கினாலும் உப்புக்காற்று அதை விட்டுவைக்காது. ஒருநாள் எல்லாம் நின்றுபோகும்.

ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' (1964) அன்றைக்கு உதவும். அதில் படத் தயாரிப்பாளராகத் துடிக்கும் செல்லப்பா (நாகேஷ்), பணம் போட மறுக்கும் தந்தை விஸ்வநாதனை (டி. எஸ். பாலையா) உட்காரவைத்து, இன்னும் எடுக்கப்படாத பேய்ப்படம் ஒன்றின் கதையைச் சொல்கிறான். பேய் இல்லை, இருட்டு இல்லை, பின்னணி இசையும் இல்லை. நாகேஷின் கைகளும் வாயும் எழுப்பும் ஓசைகள் மட்டுமே இருக்கின்றன. காமிரா பெரும்பாலும் பாலையாவின் முகத்திலேயே நிற்க, பட்டப்பகலில், சொந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய மனிதர், நாற்காலியை விட்டு எழவும் முடியாமல் கதையைக் கேட்காமலிருக்கவும் முடியாமல் வெலவெலத்துப் போகிறார்.